காட்டாமணக்கு விதை

காட்டாமணக்கு விதையிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், அந்த ஆராய்ச்சிக்குத்தான் விதை கொண்டுபோனார். ஒல்லியான மனிதர். மடியிலிருந்த பையின் வாயை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்படியும் கண்ணயர்ந்துவிட்டார்.

விழித்ததும் கத்தினார். "அண்ணே, பாப்பா வாயில என்னது?"

என் மடியிலிருந்த மகள் விதையை மென்றுகொண்டிருந்தாள். அவரே விரல் விட்டு வழித்தெடுத்தார்.

"வெஷம்ணே! டிரைவர், நேரா ஆஸ்பத்திரிக்கு வுடுங்க!"

பஸ் ஆஸ்பத்திரி வாசலில்தான் போய் நின்றது.

சாயங்காலம்வரை மகள் வாந்தி எடுத்தாள். "என் பைதாங்க, என் தப்புதாங்க" என்று டாக்டரிடம் அவரே சொன்னார். அவள் இட்லி கேட்ட பிறகுதான் கிளம்பினார்.

மகள் மென்றதை நான் கவனிக்கவே இல்லை. அவர் வாயைத் திறக்காமல் இறங்கிப் போயிருந்தால்?