போன் அக்காவின் குறிப்புகள்

எங்கள் இரத்த தான சங்கத்தில் பத்தொன்பது வருடமாகப் போன் வேலை பார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் போன் அக்கா. முகாமுக்கு முந்தைய வாரம் அறுநூறு பேரைக் கூப்பிடுவார். யாரிடம் எப்படிப் பேசினால் வருவார் என்பதெல்லாம் தடித்த நோட்டு ஒன்றில் இருந்தது. அட்டை கிழிந்து, நூல் பிரிந்து, அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

தலைவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "எந்தக் காலத்துல இருக்கோம்? ஒரு சாஃப்ட்வேர் வாங்குவோம்" என்றார்.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதலாமவர், "இங்க வேலை எப்படி நடக்குது?" என்று கேட்டுக் குடைந்தெடுத்தார். அது எங்களுக்கே தெரியாததால் அவரை அனுப்பிவிட்டோம். இரண்டாமவர், போன் செய்பவரிடம் பேச வேண்டும் என்றார். "அவங்க கமிட்டியில இல்லையே" என்று தலைவர் வாசலைக் காட்டினார். மூன்றாமவர் கணினியைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே தலைவரின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. ஏகமனதாகத் தேர்வு. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இன்று நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"இதுவே எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிடும். அவங்கவங்களுக்குன்னு ஒரு வரி தானா சேர்ந்துக்கும்" என்றார் கம்பெனிக்காரர். அந்த வரி எங்கிருந்து வரும் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"ஏம்மா, நோட்டுல இருக்கறதை எல்லாம் ஏத்திடுங்க. அடுத்த முகாம் நல்லா நடந்துட்டா உங்களுக்கு ஓய்வு" என்றார் தலைவர். ஓய்வு என்றால் சீட்டைக் கிழிப்பது என்று அக்காவுக்குப் புரியாமலில்லை. ஆனாலும் மூன்று வாரம் உட்கார்ந்து, 'குறிப்பு' என்ற கட்டத்தில் ஒரு வார்த்தை விடாமல் ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் பொத்தானை அழுத்தினார். "அன்புள்ள நண்பரே, ஞாயிறு முகாமுக்கு வாருங்கள்" என்று அறுநூறு பேருக்கும் போனது. அதன் கீழே அவரவர் குறிப்பு.

தையல்காரருக்கு: "மயங்கி விழுவார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவும்." லாரி டிரைவருக்கு: "மனைவிக்குத் தெரியாமல் வருகிறார்." எனக்கு: "ஊசியைப் பார்த்தால் கண் கலங்கும். கையைப் பிடித்துக்கொள்ளவும்."

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் இனிமே யார் மூஞ்சியில முழிப்பேன்? ஒருத்தரும் வரமாட்டாங்க."

ஞாயிறு காலை வாசல் கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் சண்டை போட வந்தவர்கள். வந்த கையோடு படுக்க வைத்துவிட்டோம். மயங்கவே மாட்டேன் என்று காட்ட வந்த தையல்காரர், அதைச் சொல்லி முடிக்கும் முன்பே சாய்ந்தார். டிரைவரின் போனைப் படித்துவிட்ட மனைவி அவரை இழுத்துக்கொண்டு வந்து, "இதைப் போய் மறைப்பாங்களா?" என்று திட்டியபடியே பக்கத்துக் கட்டிலில் தானும் ஏறிப் படுத்தார். என் முறை வந்தபோது கண்ணை இறுக்கி மூடினேன். யாரும் சொல்லாமலே அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாகத் தலைவர் வந்து, தனக்கு வந்த குறிப்பைக் காட்டிப் போனை அக்காவிடம் நீட்டினார்: "பதினோரு முகாமுக்கு வருவதாகச் சொன்னார். ஒருமுறையும் இரத்தம் கொடுத்ததில்லை."

"இது நீங்க எழுதினதாம்மா?"

"ஆமாங்க ஐயா."

"பொய்யா?"

"இல்லைங்க."

தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படுத்தார். எழுந்ததும் குரலைத் தாழ்த்தி, "போன் வேலையை நீங்களே பாருங்கம்மா. முதல்ல என் குறிப்பை அழிச்சிடுங்க" என்றார்.

"மூணு மாசம் கழிச்சு மறுபடியும் வாங்க ஐயா, பார்க்கலாம்" என்றார் அக்கா.