தூளிக்குக் கீழ அரை மணி நேரம்

திருவொத்தியூர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல கைக்கொழந்தைய பாத்துக்கிற வேலை எனக்கு. காலைல எட்டு மணிக்குப் போனா சாயங்காலம் ஆறு. அத்தினி நேரத்துல நான் குந்துறதே கொழந்தை தூங்கசொல்லதான். அதுவும் தூளி நின்னுட்டா பொசுக்குனு முழிச்சுக்கும். நின்னுகினே ஆட்டி ஆட்டி இடுப்பு வுட்டுப் பூடும்.

அதுக்கு எங்க பக்கத்துல ஒரு வழி கீது. தூளில ஒரு நாடாவ கட்டி, இன்னொரு முனைய கால் கட்டவெரல்ல மாட்டிகினு தரையில படுத்துக்கணும். கால ஆட்னா தூளி ஆடும். கண்ணு மூடினாலும் காலு நிக்காது. என் ரெண்டு புள்ளைங்கள இப்டித்தான் தூங்க வெச்சேன். அந்த அரை மணி நேரம் படுக்கலன்னா, கண்டெய்னர் லாரிங்க நடுவுல ஊர்ந்து போற பஸ்ஸுல ராயபுரத்துல கீற எங்க வூடு வரைக்கும் நிக்க எனக்குத் தெம்பு இருக்காது.

அந்த வூட்டம்மா ஹால்ல கேமராவ மாட்டிட்டுத்தான் ஆபீஸ் போவும். ஒருநாள் மதியானம் படுத்துகினு கால ஆட்டிகினு கீறேன், கேமராலேந்து அந்தம்மா கொரலு: "என்னக்கா, தூங்கத்தான் வந்தீங்களா?"

அடச்சீ! அலறி அடிச்சுகினு எய்ந்தேன். நாடா வெரல்ல கீறத மறந்துட்டேன். இய்த்த இய்ப்புல தூளி சாஞ்சு, கொழந்தை பாதி வெளிய வந்துட்சி. பாய்ஞ்சு புடிச்சேன். ஒண்ணும் ஆவல. ஆனா அந்தம்மா அதையும் பாத்துட்சி.

சாயங்காலம் வந்து கத்து கத்துன்னு கத்துச்சு. எனக்கும் செம காண்டு. "நீ கத்துனதாலதாம்மா கொழந்தை வுய இருந்துச்சு. நான் இன்னா கல்லா? அரை மணி நேரம் படுத்தாதான் எனக்கு வேலை ஓடும். முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கோ"ன்னேன். அது மொறச்சுகினே "பாக்கலாம்"னு சொல்லிட்டு உள்ள பூட்சி. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன், மடச்சி மாதிரி.

ரெண்டே நாள்ல கரண்ட்ல ஆடுற தொட்டில் வந்துட்சி. தூளிய கழட்டி பரண் மேல போட்டுட்சி. "இனிமே நீங்க ஆட்டவே வேணாம்க்கா. அந்த நேரத்துல துணி மடிச்சுடுங்க." பல்லக் கடிச்சுகினு துணிய மடிச்சேன். வேலைய வுட்டுட்டு எங்க போறது?

அப்பாலிக்கா தொட்டில் வந்த பெட்டிக்குள்ள இருந்த காயிதத்த படிச்சுட்டு சொல்லுச்சு: "ஒரு மணி நேரம் ஓடினா அரை மணி நேரம் நிறுத்தி வெச்சுடுங்கக்கா. மோட்டார் பாவம், சூடாயிடும். அது ஆறுற வரைக்கும் பாப்பாவ இடுப்புல வெச்சுக்குங்க."