பின்னால் ஸ்ப்ரிங் இல்லாத வண்டி

முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பாரின் மேல் உடம்பின் பாரத்தை எல்லாம் இறக்கி மூன்று முறை அமுக்குகிறார் கீழ் வீட்டு ஜாஸ்மின். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்கிறார். வண்டி அவருடையது அல்ல. மாடியில் குடியிருக்கும் எனக்குப் பால் ஊற்ற தணிகாசலம் படியேறி வந்து இறங்குவதற்குள், கீழே நிற்கும் அவருடைய மொபெட்டுக்கு இந்தப் பரிசோதனை நடந்து முடிந்துவிடும்.

“எடது பக்கம் ஆயில் கசியுது அண்ணே. சீல் மாத்து.”

“மாத்துறேன்மா, மாத்துறேன்” என்பார் தணிகாசலம். மூன்று மாதமாக இதே பதில்தான். ஜாஸ்மினும் சலிக்காமல் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். தெருவில் புது வண்டி எது வந்து நின்றாலும் அதற்கும் இதே மரியாதை. என் காரின் பானெட்டை ஒருநாள் இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

ஒரகடத்தில் இருசக்கர வண்டிகளுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் பரிசோதகர். வயது முப்பத்தாறு. பிறந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் வடக்குப்பட்டுதான். கணவர் எழிலரசன் ஒரு குடோனில் இரவு நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு ஷாக் அப்சார்பர் ஜாஸ்மினின் கையைத் தாண்டிப் போகிறது. தண்டில் கீறல் இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் ஒரு வருடல். அமுக்கி விட்டால் எழும் சத்தத்துக்கு ஒரு காது. அவ்வளவுதான், பாஸா ஃபெயிலா என்று சொல்லிவிடுவார். பரிசோதகர் ஸ்டூலில் உட்கார்வதற்கு முன் எட்டு வருடம் பேக்கிங்கில் நின்றவர். “அங்க கைக்கு மட்டுந்தான் சார் வேல. காது சும்மா கெடக்கும்” என்பார், ஏதோ காதைப் பட்டினி போட்டதைப் போல.

அந்த ஸ்டூலுக்குத்தான் இந்தக் கோடையில் ஆபத்து வந்தது. கம்பெனி பஸ் ஊருக்குள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஷேர் ஆட்டோவை நம்பிப் போனால், கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஊரையெல்லாம் சுற்றி, கேட்டில் அட்டை தேய்க்கும்போது நேரம் தாண்டியிருக்கும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “மூணாவது லேட்டுன்னா திரும்பியும் அட்டப்பொட்டிதான் சார்” என்றார் ஜாஸ்மின் என்னிடம். ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு மாதம் முழுக்க அவருக்குக் காலை ஷிப்ட். எழிலரசன் கொண்டுபோய் விடலாம் என்றால் அவர் வீடு திரும்பவே ஏழு மணி ஆகும்.

குறுக்கே ஏரிக்கரை இருக்கிறது. அதன் வழியாகப் போனால் நாலே கிலோமீட்டர். ஆனால் கரை முழுக்க டிராக்டர் சக்கரம் பதிந்து காய்ந்த பள்ளம். நடுவில், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல். அங்கே எட்டுப் படி இறங்கி எட்டுப் படி ஏற வேண்டும். ஸ்கூட்டர் அங்கே முழி பிதுங்கி நிற்கும். பக்கத்து வீட்டு லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கிப் போய்ப் பார்த்தார். “பாதி கரகூட தாண்டல சார், பல்லு ஆடிப்போச்சி.”

மலைப்பாதை சைக்கிள்தான் சரி என்று முடிவானது அப்போதுதான். நானாக இருந்தால் கடைக்குப் போய் நீலமா சிவப்பா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஜாஸ்மின் ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்.

ஸ்ரீபெரும்புதூர்க் கடைக்காரர், முன்னாலும் பின்னாலும் ஸ்ப்ரிங் வைத்த வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். “டபுள் ஷாக் மேடம். சோபா மாதிரி போகும்.”

“சோபாவ தூக்கிகினு நான் எட்டுப் படி எறங்கணுமே” என்றார் ஜாஸ்மின். பின்னால் ஸ்ப்ரிங் இல்லாத வண்டிதான் வேண்டும், அதற்கு ஹார்ட்டெயில் என்று பெயர் என்று விளக்கினார். “அந்தக் கம்பெனி நம்மகிட்ட இல்லீங்களே” என்று உதட்டைப் பிதுக்கினார் கடைக்காரர்.

ஊருக்கெல்லாம் பின் ஸ்ப்ரிங் செய்து அனுப்புகிறவர் தனக்கு அது வேண்டாம் என்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். கேட்டேன். “மோட்டார் வண்டிக்கு இன்ஜின் கீது சார், அது இழுக்கும். இங்க இன்ஜினு நான்தான? நான் மிதிக்கிறதுல பாதிய பின்னாடி அது தின்னுகினு ஒக்காந்துகினு இருக்கும். நல்ல ஸ்ப்ரிங்குன்னா கூடப் பரவாயில்ல. இவங்க வெச்சிக்கிறது வெறும் கம்பிச் சுருள். எங்க லைன்ல வந்தா எடுத்து வீசிடுவேன்.”

ஒரகடத்துக் கடையில் பின் ஸ்ப்ரிங் இல்லாத வண்டியே இருந்தது. ஆனால் முன் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பிப் பூட்டியிருந்தார்கள். ஜாஸ்மின் சுட்டிக்காட்ட, “இது புது மாடல்” என்று கடைக்காரர் சமாளித்தார். ஜாஸ்மின் சிரிக்கவில்லை. அப்படி ஒரு வண்டியில் யாராவது ஏறிப் போய்விடுவார்களே என்று அதைக் கழற்றித் திருப்பிப் பூட்ட வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். வாங்கவில்லை. அந்த ஃபோர்க்கின் தண்டில் அவருடைய நகத்துக்கு ஒரு கீறல் தட்டுப்பட்டிருந்தது.

மே இருபத்தெட்டாம் தேதி குன்றத்தூர்க் கடைக்கு ஜாஸ்மினும் எழிலரசனும் என்னையும் கூப்பிட்டார்கள். என் மேல் உள்ள பிரியத்தால் அல்ல, கார் டிக்கியில் சைக்கிள் கொள்ளும் என்பதால். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்த ஜாஸ்மின் ஒரு கருநிற வண்டியைப் பிடித்துக்கொண்டார். அமுக்கினார். கேட்டார். நகத்தால் வருடினார். தோளில் தூக்கிக்கொண்டு கடை வாசல்படியில் எட்டு முறை ஏறி எட்டு முறை இறங்கினார். கடைக்காரர் சங்கரநாராயணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “ஏம்மா, சைக்கிள் வாங்க வந்தியளா, என் உசுர வாங்க வந்தியளா?” என்று கேட்டேவிட்டார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

வண்டியில் குறை எதுவும் அகப்படவில்லை. அதுதான் ஜாஸ்மினுக்குப் பெரிய சங்கடம். அறுநூறு பேருடைய வண்டிக்கு நொடியில் சரி சொல்கிறவருக்குத் தனக்கென்று ஒன்றுக்குச் சரி சொல்ல வாய் வரவில்லை. “எதுக்கும் நாளைக்கு ஒரு தபா வந்து...” என்று இழுத்தார். எழிலரசன் தலையில் கை வைத்துக்கொண்டார். நாளை என்றால் இருபத்தொன்பது.

இழுத்துக்கொண்டே முன் பிரேக் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தவர் நின்றார். கொஞ்சம் தளர்வு. ஸ்பானர் வாங்கி முறுக்கினார். முறுக்கிய கை அப்படியே சட்டைப் பைக்குப் போய், ஒரு பெயிண்ட் பேனாவை எடுத்து, போல்ட்டின் தலையிலிருந்து வண்டியின் உடம்பு வரைக்கும் மஞ்சளாக ஒரு கோடு இழுத்துவிட்டது.

“ஏ, என்னம்மா போட்டிய? புது வண்டில்லா அது!” என்று பதறினார் சங்கரநாராயணன்.

ஜாஸ்மின் கையை உதறிக்கொண்டு நின்றார். அவர்கள் லைனில் போல்ட்டை முறுக்கியதும் இப்படிக் கோடு போட வேண்டும். போல்ட் பின்னால் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கோடு போட்டவர் அந்தப் பீசுக்குப் பொறுப்பு. போட்டபிறகு திரும்ப எடுத்து வைக்கிற வழக்கமே கிடையாது.

“அய்யோ சார், கை போட்டுடுச்சி” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “கோடு போட்ட பீஸ திருப்பி வெக்க மாட்டோம் சார். இத்தையே குடுத்துடுங்க.”

“ஆறு வாரமா வாய் சொல்லாதத கை சொல்லிடுச்சி, பாத்தியா?” என்றார் எழிலரசன். ஜாஸ்மின் மனம் மாறுவதற்குள் நான் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தேன்.

ஒன்றாம் தேதி விடிந்ததும் ஏரிக்கரைக்கு நடக்கப் போனேன். உடம்புக்காக என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் அவரைப் பார்க்கத்தான் போனேன். கலங்கலைத் தாண்டி நான் நிற்க, கம்பெனிப் பக்கத்துப் படியில் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி வந்தார் ஜாஸ்மின். சீருடையில் புழுதி. அடுத்த வளைவு தாண்டினால் கம்பெனி மதில் தெரியும்.

“நேரமாயிடுச்சா?” என்று கேட்டேன்.

வண்டியை இறக்கி வைத்துவிட்டு மணிக்கட்டைப் பார்த்தார். நம்பாமல் செல்போனையும் எடுத்துப் பார்த்தார். “இருவது நிமிசம் கீது சார்” என்றார். இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவரைப் போல மதில் பக்கம் ஒரு தரம் பார்த்தார், வந்த வழியை ஒரு தரம் பார்த்தார். பிறகு சைக்கிளை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு எட்டுப் படி இறங்கி, எட்டுப் படி ஏறி, வந்த பக்கத்து மேடுபள்ளத்தில் இன்னொரு முறை ஓட்டுவதற்காகப் போனார்.