வாசனை இல்லை என்று சொன்னேன்

என் வீட்டுக்காரர் நாகூர் கனிக்கு மூக்கு முகத்தில் இருந்ததே தவிர, அது வேலை செய்யாது. பம்பாய் தாராவியில், சம்டா பஜார் என்கிற தோல் சந்தையில், பச்சைத் தோலுக்கு உப்புப் போடுகிற வேலை அவருக்கு. பதினெட்டு வருஷம் அந்த நாற்றத்துக்குள் நின்றால் எந்த மூக்குதான் உயிரோடு இருக்கும்? மல்லிகைப்பூவும் சுண்ணாம்புத் தொட்டியும் அவருக்கு ஒன்றுதான். மீன் கெட்டுவிட்டதா, பால் திரிந்துவிட்டதா, துவைத்த சட்டையில் தோல் வாடை போயிற்றா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார். "ஏளா சுலைகா, இதக் கொஞ்சம் மோந்து பாரு" என்பார். நான் சொன்னதுதான் தீர்ப்பு. மற்ற எதிலும் என் பேச்சைக் காதில் வாங்காத மனுஷன் இதில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

மூக்கோடு போயிருந்தால் பரவாயில்லை. நெஞ்சும் கெட்டுப்போயிற்று. மழைக்காலம் வந்தால் இளைப்பும் வந்துவிடும். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுப்பார். சயானில் ஒரு டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். அதை விழுங்கினால் அரை மணியில் நெஞ்சு இளகும். அந்த மாத்திரைப் புட்டி எப்போதும் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அறுபத்து நாலாம் வருஷம் அவருடைய முதலாளி சலாவுதீன் சாயபு எங்கள் இரண்டு பேருக்கும் ஹஜ்ஜுக்கு மனுப் போட்டார். குலுக்கலில் பேரும் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு முருகம்மாளிடம் எங்கள் மகள் மெஹராஜை விட்டுவிட்டுப் புறப்பட்டோம். கப்பலில் குமட்டினால் தடவிக்கொள்ள என்று முருகம்மாள் ஒரு டப்பி யூகலிப்டஸ் தைலம் கொடுத்தாள். "இளைப்புக்காரன எதுக்கு அம்புட்டு தூரம் அனுப்புதிய?" என்று சிலர் முதலாளியிடம் கேட்டார்களாம். "அந்த மண்ணுல கால வச்சா எல்லாம் ஓடிப்போவும்" என்று வேறு சிலர் சொன்னார்கள். அவர் இரண்டாவது பேச்சை நம்பினார். நானும்தான் நம்பினேன். சுண்ணாம்பும் உப்பும் அழுகல் தோலும் இல்லாத காற்று எங்கேயாவது இருக்குமென்றால் அது அங்கேதானே இருக்கவேண்டும்?

கப்பலில் எங்களுக்குப் பக்கத்துப் பாயில் காயல்பட்டினத்துக் கரீம் பாட்சா என்ற பெரியவர் இருந்தார். ஏற்கெனவே ஒரு தடவை போய்வந்தவர். ஹஜ்ஜுக்கு என்று உறுதி எடுத்து இஹ்ராம் கட்டிவிட்டால் என்னென்ன கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆம்பிளைக்குத் தைத்த துணி கூடாது. நகம் வெட்டக் கூடாது. வாசனைப் பொருள் தொடக் கூடாது. மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்ச் சாப்பிட்டார்கள். இவர் முகம் மட்டும் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது.

"எனக்கு எப்படிளா தெரியும், எதுல வாசனை இருக்கு, எதுல இல்லன்னு?"

இஹ்ராம் கட்ட இன்னும் நாள் இருந்தாலும் அன்றைக்கே பிடித்தது சனி. சோப்பை முகரு, பல்பொடியை முகரு, துண்டை முகரு, கப்பலில் கொடுத்த ரொட்டியை முகரு. ரொட்டியில் ஏலக்காய் வாசம் லேசாக இருந்தது. சொன்னேன். பச்சைப் பட்டினி கிடந்தார். இதென்னடா வம்பு என்று அடுத்த நாள் ரொட்டியை முகர்ந்துவிட்டு, "மாவு வாடைதான் வருது" என்றேன். அதுதான் என் முதல் பொய். சின்னப் பொய்.

தைலம் பற்றி அவர் கேட்காத ஆள் இல்லை. மருந்துதானே, குற்றமில்லை என்றார் ஒருவர். மணக்கிறதே, கூடாது என்றார் இன்னொருவர். மூக்கில் தடவினால் கூடாது, நெஞ்சில் தடவலாம் என்றார் மூன்றாமவர். கற்பூரம் கலந்திருந்தால்தான் தப்பு என்று ஒரு ஆள் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டார். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. இவர் கடைசியில், "சந்தேகம் வந்தாச்சுல்லா, தொடவே வேண்டாம்" என்று முடிவு செய்தார். டப்பியை என் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன்.

மக்காவில் முதல் சில நாள் நன்றாகத்தான் இருந்தார். "பாத்தியா, இளைப்பு போன இடம் தெரியல" என்று சின்னப் பிள்ளைபோல் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். வந்ததும் செய்கிற உம்ரா முடிந்து கழற்றியிருந்த இஹ்ராமை ஹஜ்ஜுக்காக மறுபடி கட்டி, மக்காவை ஒட்டிய மினாவுக்குப் போனோம். மறுநாள் காலையில் அரபாத்துக்குப் பஸ் ஏறினோம். அந்த மைதானத்தில் போய் நின்றால்தான் ஹஜ்ஜு. அதைத் தவறவிட்டால் வந்த பாடெல்லாம் வீண். மினாவிலிருந்து அது கிட்டத்தட்ட தாராவியிலிருந்து தாதருக்குப் போய்த் திரும்புகிற தூரம், கொஞ்சம் கூடவே இருக்கலாம்.

அந்தத் தூரத்தில் பாதிகூடப் போகவில்லை, பஸ் நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் லாரி. ஒருவனும் எஞ்சினை நிறுத்தவில்லை. டீசல் புகை கறுப்புக் கறுப்பாக ஜன்னல் வழியே உள்ளே வந்தது. புகை ஓய்ந்தால் மணல் தூசி. ஜன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் புகை. எனக்கே கண் எரிந்து தொண்டை கமறியது. மாட்டுங்கா ரயில் பாலத்தில் எஞ்சின் புகைக்குள் நின்றிருக்கிறேன், தோல் கிடங்கு வாசலில் சோறு கொண்டுபோய் நின்றிருக்கிறேன், இப்படி ஒரு மூச்சுமுட்டலை நான் கண்டதில்லை. இந்த மண்ணில் போய் இப்படி ஒரு காற்றா? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அவருக்கு இழுப்பு ஆரம்பித்தது. "மாத்திரை எங்க?" என்றேன். கையைப் பையில் விடப் போனார். ஏது பை? மேலே ஒரு வெள்ளைத் துணி, இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி. மாத்திரைப் புட்டி மக்காவில் கழற்றிப் போட்ட சட்டையோடு கிடந்தது. பழக்கத்தில் பையிலேயே இருக்கும் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டோம். ஐயோ, அந்த நேரத்தில் என்னை நானே அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

உதடு நீலம் பூத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பின்சீட்டில் ஒரு ஆள், "பாவம் செஞ்ச நெஞ்சு, அதான் அடைக்கி" என்றான். அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

சுருக்குப் பையைத் திறந்தேன். நானும் இஹ்ராமில்தான் இருந்தேன், எனக்கும் அது கூடாதுதான். ஆனாலும் கை நிற்கவில்லை. விரல் நிறையத் தைலத்தை வழித்து அவர் நெஞ்சிலும் முதுகிலும் அரக்கித் தேய்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னளா இது?"

"எண்ணெய். வெறும் எண்ணெய்."

"வாசனை இருக்கா?"

பஸ் முழுக்க யூகலிப்டஸ் மணந்துகொண்டிருந்தது. முன்சீட்டுக்காரர் தும்மினார்.

"ஒரு வாசனையும் இல்ல" என்றேன்.

"குளுகுளுன்னு இருக்கே."

"கைய நனைச்சுட்டுத் தடவுனேன். சும்மா பேசாதிய, மூச்ச விடுங்க."

முன்சீட்டுக்காரர் திரும்பி, "யாருங்க இங்க தைலம்..." என்று ஆரம்பித்தார். எங்களோடு அதே பஸ்ஸில் வந்த கரீம் பாட்சா அவர் தோளில் கை வைத்து, "எஞ்சின் வாடை அது. முன்னால பாருங்க" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

தைலம்தான் கேட்டதா, அந்த நேரம் பஸ் நகர்ந்து காற்று வந்ததா, ஆண்டவன் இரங்கினானா, எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. அரபாத்தில் தன் காலால் இறங்கி நின்று கையேந்தி அழுதார். அவர் பக்கத்தில் நின்ற நான், இந்த மனுஷனுக்கு இது தெரியவே கூடாது என்று மட்டும் கேட்டேன். அவ்வளவு பெரிய இடத்தில் போய் ஒருத்தி கேட்கிற துஆவா அது!

திரும்பும் கப்பலில் கரீம் பாட்சாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஒரு பொம்பள இப்படிச் செஞ்சாளாம், அதுக்கு என்ன செய்யணுமாம்?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நோய்க்காகச் செஞ்சா அதுக்குப் பரிகாரம் உண்டு, தங்கச்சி. மூணு நோன்பு பிடிக்கலாம். இல்ல, ஆறு ஏழைக்குச் சோறு குடுக்கலாம். இல்ல, ஒரு ஆடு அறுக்கலாம். அந்தப் பொம்பளையும் செய்யணும், அந்த மனுசனும் செய்யணும்."

"அந்த மனுசனுக்கு விசயமே தெரியாதாமே?"

"அப்ப சொல்லிற வேண்டியதுதான்" என்று எழுந்து போய்விட்டார்.

எப்படிச் சொல்ல? பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினதுமே முதலாளி மாலை போட்டு "ஹாஜியாரே" என்று கட்டிப்பிடித்தார். சம்டா பஜாரில் அன்று முதல் அவர் பெயரே அதுதான். கிடங்கில் வேலை செய்கிற பூதத்தானும் சொரிமுத்துவும்கூட "ஹாஜியாரே, சாயா குடிப்போமா?" என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் அவர் முதுகு ஒரு அங்குலம் நிமிரும். இவர் ஹாஜியாரா, இல்லையா? நான் கெடுத்துவிட்டேனா, காப்பாற்றினேனா? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் இவர் காதுக்கு வந்துவிடாதா?

ஆகவே நோன்பு பிடித்தேன். முதல் மூன்று எனக்கு, அதில் சந்தேகமில்லை. அடுத்த மூன்று அவருக்காக. ஆனால் அவர் பிடிக்கவேண்டியதை நான் பிடித்தால் அவருக்குச் சேருமா? தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த மாதம் இன்னும் மூன்று. அதுவும் சேர்ந்ததா என்று தெரியவில்லை. இப்படியே மாதம் மூன்றாக ஒரு வருஷம் ஓடியது. "உம்மா, கித்னா ரோஜா ரக்தீ ஹோ!" என்று மெஹராஜ் இந்தியில் சலித்துக்கொண்டாள், எத்தனை நோன்புதான் பிடிப்பாய் என்று. இவரோ கிடங்கெல்லாம் பெருமை அடித்தார். ஹஜ்ஜுக்குப் போய்வந்ததிலிருந்து என் வீட்டுக்காரி மாறிப்போனாள், நோன்பும் தொழுகையுமாகவே இருக்கிறாள் என்று. அதோடு விட்டாரா? நோய் நொடி என்று வருகிறவர்களை வேறு என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார்.

ஒரு நாள் மத்தியானம் முருகம்மாள் தன் மகளின் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு நெஞ்சில் கர்கர் என்று சளி இழுத்தது. "ஹாஜியார் சொன்னாரு, நீ ஓதி ஊதுனா சரியாவுமாம். ஊதுக்கா" என்றாள். முதலில் சயான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு என்று அவளைத் திட்டி அனுப்பினேன். அவர் வேலை முடிந்து வந்து கால் கழுவினதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மொத்தம் எத்தனை நோன்பு இருந்தே?"

"முப்பத்தாறு இருக்கும்."

"கரீம் பாட்சா மூணுதானளா சொன்னாரு?"

"ஒங்களுக்குச் சேந்துச்சா இல்லியான்னு தெரியலயே" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் மாத்திரைப் புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "நாளையிலேர்ந்து மூணு நாள் நான் நோன்பு, இது ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். ஆறு பேருக்குச் சோறு ஆக்கிப் போடுவோம் என்று மன்றாடினேன். "சோறு பொங்குததும் நீதான. எனக்காக எல்லாத்தையும் நீயே செஞ்சுட்டா நான் எதுக்கு?" என்றார்.

இரண்டு நாள் சமாளித்தார். மூன்றாம் நாள் பொழுது சாயுமுன், அஸர் தொழுகைக்கே இழுப்பு வந்துவிட்டது. தைலம் தடவினால் நோன்பு முறியாது என்று இவரே சொல்லி முதுகைக் காட்டினார். வீடே மணக்கத் தேய்த்தேன். கேட்கவில்லை. மாத்திரையை நீட்டினேன், தலையை ஆட்டி மறுத்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. நாளைக்கே மறுபடி அந்த பஸ்ஸுல ஏத்துனாலும் நான் பொய்தான் சொல்லுவேன். ஒங்க ஹஜ்ஜு எக்கேடோ கெடட்டும்னு சொல்லல. ஆனா ஒங்க மூச்சு நிக்கித நேரத்துல எனக்கு வேற ஒண்ணும் தோணாது. எனக்கு அம்புட்டுதான் அறிவு."

நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு வரை என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாங்கு சொன்னதும் தண்ணீரைக் குடித்து மாத்திரையை விழுங்கினார். அரை மணி கழித்து நெஞ்சு இளகியது. கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"என் தப்புக்குப் பரிகாரம் முடிஞ்சுது. நீ பொய் சொன்னியே, அதுக்கு என்ன பரிகாரம்?"

"தெரியல. யார்கிட்டயாவது கேட்டுட்டு வந்து சொல்லுங்க, செய்யிதேன்."

"கேக்க மாட்டேன்" என்றார். கஞ்சியை ஒரு வாய் குடித்தார். "கேட்டுச் சொல்லிட்டேன்னு வையி, அதுக்குப் பயந்து அடுத்த வாட்டி நீ பொய் சொல்லமாட்டே."