பூதம் சொன்ன பதில்

கார்ட்டூன் படம் என்றாலே எனக்குப் பொறுமை கிடையாது. மரம் பேசும், மீன் அழும், கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் அடம்பிடித்ததால்தான் உட்கார்ந்தேன். கடலுக்கடியிலிருந்து ஒரு பூதம் எழுந்து ஊருக்குள் வருகிறது. ஊர்த் தலைவி, "எங்கள் கரைக்கு ஏன் வந்தாய்?" என்று அதட்டுகிறாள். "நானாக வரவில்லை. நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்தேன்" என்கிறது பூதம்.

என் கணவருக்கு அந்த வசனம் பிடித்துப்போய்விட்டது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "நானாக வரவில்லை..." என்று ஆரம்பிப்பார். "போதும், சோத்த தின்னுங்க" என்பேன்.

அந்தமானில், மாயாபந்தரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்துப் படி இறங்கினால் உப்பங்கழி. அவர் டோங்கி என்கிற மோட்டார் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய் நண்டு பிடிப்பவர். நான் பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மீன் ஆய்ந்து கொடுப்பேன். குடலும் செவுளுமாகத் தினமும் ஒரு வாளி சேரும். அதைக் கடைசிப் படியில் நின்று தண்ணீரில் கொட்டிவிட்டு, அவர் மூன்று மணிக்குத் திரும்புமுன் வாளியைக் கழுவி வைத்துவிடுவேன். மீன் கழிவு போட்டால் முதலை வரும் என்று வனத்துறை ஆள் ஒருவர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இத்தனை வருஷம் வராத முதலையா இனி வரப்போகிறது என்று நான் சட்டை செய்யவில்லை. குழி தோண்டிப் புதைப்பதாகக் கணவரிடம் பொய் சொல்லிவைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் மீன் தாமதமாக வந்தது. வேலை முடித்து அவசரமாகப் படியிறங்கிக் கொட்டினேன். அப்போதே டோங்கிச் சத்தம் கேட்டது. கொட்டிய இடத்தைப் பார்த்தேன். நான்கு முழம் தள்ளி, தண்ணீர் மட்டத்தில் இரண்டு முண்டுகள் அசையாமல் இருந்தன. பிறகு முதுகு தெரிந்தது.

நாலு கால் பாய்ச்சலில் மேலே ஏறினேன். அவர் எப்போதும் படிக்கு முன்னாலேயே தொடையளவுத் தண்ணீரில் குதித்து, கயிற்றைப் பிடித்துப் படகை இழுப்பார். "எறங்காதீங்க! எறங்காதீங்க!" என்று கத்தினேன். மோட்டார் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். மோட்டாரை அணைத்தார். ஒரு காலை வெளியே போட்டார்.

வாளியை வீசினேன். "மகர்! மகர்!" என்று அலறினேன். இங்கே வங்காளிக்கும் தெலுங்கருக்கும் எங்களுக்கும் முதலைக்கு அந்த இந்திச் சொல்தான். வெளியே போட்ட காலைச் சட்டென்று படகுக்குள் இழுத்துக்கொண்டார்.

முதலை மூழ்கியது. அது கண்ணுக்குத் தெரிந்தபோது இருந்த பயத்தைவிட அதன் பிறகு வந்த பயம்தான் பெரிது. அவர் டோங்கியின் நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தார். படகு தானாக மெல்லச் சுற்றியது. நான் பெயர் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் ஓடிவந்து, "தாதா, ஹில்னா மத்!" அண்ணே, அசையாதீங்க என்று இந்தியில் கத்தினார். வெகுநேரம் கழித்துத்தான் என் கணவர் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய், வங்காளிக்காரரின் மரப்பலகைப் படகுத்துறையில் ஏறினார்.

கூட்டம் கூடிவிட்டது. அவருக்கு உதடு வெளுத்திருந்தது. சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்தத்தான், அந்தப் பாழாய்ப்போன பூதக் குரலை எடுத்தார்.

"சரி, இத யாரு கூப்பிட்டாங்களாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். படிக்குப் பக்கத்தில் என் வாளி மிதந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மீன் குடலைப் பொடி மீன்கள் கொத்திக்கொண்டிருந்தன. அவர் இன்னும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குழி தோண்டினேன் என்று இன்னொரு தடவையும் சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"நான்தாங்க," என்றேன். "தெனமும் நான்தான் கூப்பிட்டேன்."