துன்னாச்சு சார்

அன்றைக்கு வீட்டில் அம்மா, இரண்டு தங்கைகள், நான் இருந்தோம். நைனா இல்லை, சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். சர்க்கார் சார்பில் பஞ்சத்தை ஆராய வந்தவர் எங்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கசங்காத வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. ஒவ்வொரு பதிலையும் எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார்.

“நேத்து ராத்திரி சாப்பிட்டீங்களாம்மா?”

“துன்னாச்சு சார்,” என்றாள் அம்மா.

அடுப்பே மூட்டவில்லை. ஆனால் வீடு தேடி வந்த அந்நியரிடம் பட்டினி என்று சொல்வது எங்கள் புத்தலப்பட்டுப் பக்கம் மானக்கேடு. அவர் கோடு போட்டார். கொண்டுவந்த பிஸ்கட்டைத் தங்கைகளுக்குக் கொடுத்தார். காகிதத்தில் ஒட்டிய தூள்வரை நக்கினார்கள்.

“பசங்களுக்கு பிஸ்கட்னா உயிர்!” என்று சிரித்தார்.

தெருமுனையில் அவரை நிறுத்தினேன். “சார், நாங்க யாருமே துன்னல. வெளியாளு கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லிக்கினு இருப்போம்.”

“தம்பி, காலேஜ் படிக்கிற பையன் இப்படிப் பேசலாமா? உங்கம்மா சொன்னது டேட்டா. உனக்கு நிவாரண அரிசி வேணும், அதனால சொல்ற. நான் எந்தப் பக்கமும் சாயறவன் இல்ல.”

பசித்தால் வாய்விட்டுச் சொல்வது அவர் வீட்டு வழக்கம். உலகமே அப்படித்தான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் எழுதியதை வைத்துப் போட்ட நிவாரண அரிசிப் பட்டியலில் எங்கள் தெரு வரவில்லை. இன்றும் எனக்குப் புரியவில்லை: பசி தெரியாதவர் அந்த பிஸ்கட்டை எதற்கு வாங்கி வந்தார்?

அந்த வாரமே அரிசி வாங்க அம்மா எங்கள் ஒரே கறவை ஆட்டை விற்றாள். எண்ணூறு ரூபாய்.