மண்ணெண்ணெய் சுட்ட அண்ணம்

"அண்ணத்தில் புண். உப்புநீரால் கொப்பளிக்கவும்." 1997இல் அப்பாவின் சிகிச்சை அட்டையில் எழுதப்பட்டது இது. இன்று தேநீர் என் அண்ணத்தைச் சுட்டதும் நினைவுக்கு வந்தது.

வன்னியின் வட்டக்கச்சியில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் இயந்திரத்தால்தான் நீர் இறைத்தோம். போர்க்காலத்தில் அரசு விதித்த பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்டது. ஒரு துளியும் சிந்தக்கூடாதென்று, எண்ணெய்க் கலனான கானில் குழாயை விட்டு அப்பா வாயால் உறிஞ்சி இயந்திரத்துக்குள் இறக்குவார். அண்ணம் வெந்து, சோறு பட்டாலே எரிந்தது.

"சுடச்சுடத் தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று வைத்தியர் கேட்டார்.

"இல்லை ஐயா, மண்ணெண்ணெய்."

"இனி வாயையும் மெசினிலை பூட்டிவிடுங்கோ!" என்று அம்மா சீறினார்.

பூசுவதற்கு மருந்தில்லை, அதையும் மறித்திருந்தார்கள். மறுநாள், உப்புநீர் கொப்பளித்த அதே வாயால் அப்பா மீண்டும் உறிஞ்சினார். மிளகாய் பிழைத்தது. அவருக்கு அதன் உறைப்பு கடைசிவரை தெரியவில்லை.

ஒரு வாய்ப்புண் மருந்தை மறிக்கக் கையெழுத்திட்டவர் யார்? இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.